செவ்வாய்க்குப் போன அம்மிக்குழவி

வெள்ளிக்கிழமை காலைக்குள் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு வண்டி நகர்ந்தாக வேண்டும். நகராவிட்டால் சுந்தரபாண்டியபுரத்தில் இசக்கிமணியின் வயல் போய்விடும்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தத்தை உண்டாக்கியவர் அவரேதான். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பும் ராணுவக்காரர்கள் ஒன்று ஏ.டி.எம். வாசலைக் காப்பார்கள், அல்லது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி எல்லையைக் காப்பார்கள். இசக்கிமணிக்கு இரண்டிலும் நாட்டமில்லை. அமெரிக்காக்காரன் செவ்வாயில் இறக்கிவிட்ட ஆறு சக்கர வண்டி எங்கே போகிறது என்று தினமும் கைப்பேசியில் பார்த்து, அதே பயணத்தைத் தன் வயலில் நடத்தினார். அங்கே ஒரு கிலோமீட்டர் என்றால் இங்கே ஒரு எட்டு. கிழக்கு எல்லையான கீழ்வரப்பில் தொடங்கி மேற்கே, விடியற்காலையில் போய் அடையாளத்தைச் சாண் கணக்கில் நகர்த்தி வைப்பார். பயிர் நின்றபோது அதன் நடுவிலும் நகர்த்தினார். மனைவி உமாதேவி இதை வைத்தியம் இல்லாத வியாதிகளின் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

முதலில் அடையாளமாக வைத்தது ஒரு பொம்மை ஜீப். செங்கோட்டைக் கணவாய்க் காற்று அதைத் தூக்கி அடுத்த வயலில் போட்டது. காற்றுக்கு அசையாத பொருளாக வீட்டில் கிடந்தது, மிக்சி வந்த பிறகு வேலையிழந்த அம்மிக்குழவி. அதை நட்டுக்குத்தாக நிறுத்தினார். அங்கேதான் பிசகியது. வழுவழுப்பான கருங்கல் ஒன்று வயலில் தனியாக நிமிர்ந்து நின்றால், எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு நாளில் சந்தனம், நாலு நாளில் செவ்வரளி மாலை. அதுவும் நாளுக்கொரு சாண் நகர்கிற கல் என்றால் கேட்கவா வேண்டும்? காவல் தெய்வத்தின் பெயரில் 'நடமாடும் மாடன்' என்று பெயரும் வைத்தாயிற்று.

கீழ்வரப்புக்கு அடுத்த நிலம் 'ஆன்மிகச் செம்மல்' சுபாஷுடையது. பட்டம் அவரே பிளெக்ஸில் அச்சடித்துக்கொண்டது. அந்த நிலத்தில் அவர் 'குற்றாலச் சாரல் அவென்யூ' என்று மனைப்பிரிவு போட்டிருந்தார். அங்கிருந்து குற்றாலத்துக்குப் போவதற்குள் சாரல் காய்ந்துவிடும் என்பது வேறு விஷயம். மனைகளுக்குப் பாதை இல்லை. இசக்கிமணியின் வயலில் ஒரு கோயில் வந்தால் பாதை தானாக வரும்.

"அது எங்க வீட்டு அம்மிக்குழவி, நாந்தான் நகர்த்துதேன்" என்று இசக்கிமணி ஊர் நடுவில் சொல்லிப் பார்த்தார்.

சுபாஷ் கண்ணை மூடித் திறந்தார். "சாமி உங்க கையால நகருதாரு அண்ணாச்சி. நீங்க கருவி. ஏன், இப்ப நாலஞ்சு நாளா நகர்த்தலையே?"

"அங்கன வண்டி மணல்ல சிக்கிக்கிடக்கு."

"அப்ப சாமி உக்காந்துட்டாருன்னு அர்த்தம்."

கூட்டம் தலையாட்டியது. இசக்கிமணிக்கு ராணுவ ரோஷம் வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அங்க நகர்ந்தா இங்கயும் நகரும். நகரலைன்னா பூடம் போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். பூடம் என்றால் மாடனுக்குப் போடும் கல்லும் மண்ணுமான பீடம். ஒருமுறை எழும்பிவிட்டால் கலப்பை அதன் பக்கம் போக முடியாது. செவ்வாய் நிலவரத்தைப் பார்த்துச் சொல்ல, செல்போன் கடை துல்கர்னைனை நடுவராக வைத்தார்கள். பாய் பொய் சொல்லமாட்டார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை.

வியாழன் ராத்திரி உமாதேவி சோற்றைப் போட்டபடி, "நகர்ந்துட்டுன்னு சொல்லுங்களேன். எவன் அங்க போயி பாக்கப்போறான்?" என்றாள்.

"பாய் பாப்பாரு."

"பாய்ட்டயும் சொல்லிவைங்க."

"வராத தகவல வந்துட்டுன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல."

"சரி, தகவல விதைச்சு அறுத்துக்கிடுங்க" என்று குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள். அந்த வயலை விட்டால் அவர்களுக்கு வேறு மண் கிடையாது. சாரல் தொடங்கிவிட்டது. சூரியகாந்தி விதை வாங்கி வீட்டில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை செங்கல் வந்து இறங்கியது. மேளம் வந்தது. சாமியைவிடச் சுபாஷ் பெரிதாக இருக்கும் பிளெக்ஸும் வந்தது. கொத்தனார் இசக்கிப்பாண்டி குழவியைச் சுற்றி நூல் பிடித்தார். துல்கர்னைன் குடைக்கடியில் கைப்பேசியை ஏந்தி நின்றார். சாரலில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. திரையில் வட்டம் சுற்றியது. இசக்கிமணி அந்த வட்டத்தையே பார்த்தார்.

"பாய், நல்ல நேரம் போகுது" என்றார் சுபாஷ்.

"செவ்வாயிலேர்ந்து வரணும்லா, கொஞ்சம் பொறுங்க."

"எங்க மனை வாங்குத ஆளு துபாயிலேர்ந்தே வந்துட்டான்."

மேளக்காரர் குச்சியை ஓங்கினார். இசக்கிப்பாண்டி முதல் செங்கல்லைக் கையில் எடுத்தார். உமாதேவி புருஷனைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகர்ந்துட்டு" என்றார் துல்கர்னைன்.

மேளக்காரர் ஓங்கிய கையோடு நின்றார்.

"எவ்வளவு தூரம்?" இசக்கிமணி குடைக்கடியில் தலையை நீட்டினார்.

"இருபது மீட்டர்."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். இருபது மீட்டர் என்றால் இங்கே ஒரு விரற்கடை. ஆனாலும் சொன்ன சொல். கூட்டத்தை விலக்கிப் போய், மாலையோடு குழவியைத் தூக்கி, ஒரு விரற்கடை தள்ளி வைத்தார்.

சுபாஷ் சிரித்தார். "சந்தோசம். சாமி நகர்ந்துட்டாரு. ஏலே இசக்கிப்பாண்டி, பூடத்தையும் ஒரு விரற்கடை தள்ளிப் போடு."

கூட்டமும் சிரித்தது. உமாதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சாரலாகவும் இருக்கலாம்.

ஆனால் இசக்கிப்பாண்டி செங்கல்லை வைக்கவில்லை. "பாய், நாளைக்கும் நகருமா?"

துல்கர்னைன் கைப்பேசியை உருட்டினார். "முன்னால மணலாம். வந்த தடத்துலயே பின்னால போகப்போவுதாம். தினமும் கொஞ்சங் கொஞ்சமா."

கொத்தனார் செங்கல்லை அடுக்கிலேயே திரும்ப வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"என்னலே?" என்றார் சுபாஷ்.

"உக்காந்த சாமின்னு சொல்லித்தான கூப்ட்டீய? இது போயிக்கிட்டிருக்க சாமி. மாடன் போற தடத்துல குறுக்க நின்னவனே ரத்தங் கக்குவான். நான் செவரு கட்டி மறிக்கவா? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நூலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். குழவிக்குப் பின்னால் நின்ற மேளக்காரர், தாம் நிற்பது தடத்தில்தான் என்று உணர்ந்து, மேளத்தோடு வரப்பேறினார்.

"வந்த தடத்துலயே போகுதுன்னா எங்கன போகும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

உமாதேவிதான் பதில் சொன்னாள். "கீழ்வரப்புக்கு. அதைத் தாண்டுனா சுபாஷ் தம்பியோட பிளாட்டுதான்."

எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். சாரலில் நனைந்தபடி மனைக் கற்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் மஞ்சள் அடித்து, நம்பர் எழுதி. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி கூட்டாளிகளப் பாக்கப் போகுதாரு போல" என்றாள் உமாதேவி.

அட்வான்ஸ் கொடுத்திருந்த இரண்டு பேர் சுபாஷைத் தேடிக்கொண்டு அப்போதே வந்தார்கள். சுபாஷ் அவர்களுக்கு முகம் கொடுக்காமல் நழுவி, இசக்கிமணியின் காதருகே குனிந்தார். ஆன்மிகம் குரலில் இருந்து வடிந்திருந்தது.

"அண்ணாச்சி, அது எப்ப மறுபடி மேற்க திரும்பும்?"

இசக்கிமணி குழவியைப் பார்த்தார். செவ்வரளி மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. குனிந்து அதை நேராக்கினார்.

"தகவல் வந்தா சொல்லுதேன் தம்பி" என்றார். பிறகு உமாதேவியிடம் திரும்பி, "டிராக்டர்காரனுக்குப் போன் போடு. தடத்த மட்டும் விட்டுட்டு உழச் சொல்லு."