திறக்காத பெட்டியின் வெப்பநிலை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. வலியை மறக்கப் பழைய அறிவியல் இதழ் ஒன்றைப் புரட்டினேன். குளவிகளைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பின் கீழே இரண்டு பெயர்கள்: பார்த்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். ஏன், பார்த்தவருக்குக் கை இல்லையா? உள்ளே கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லும்வரை அதே நினைப்பு. மற்றதெல்லாம் நானாகச் சேர்த்தது.

2

தொடக்கம் ஒன்று: வெள்ளைப் பெட்டிக்குள் ஒரு குளவி, காலத்தின் சேற்றைக் குழைத்து—

வேண்டாம். காலத்துக்கு ஏது சேறு?

தொடக்கம் இரண்டு: பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அவள், சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அண்ணனின் நோட்டைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

இது பரவாயில்லை. (கூடப்பிறந்த அண்ணன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூச்சி பார்க்கப் போகும் கூட்டத்தில் பழக்கம். அவளுக்குப் பட்டாம்பூச்சி, அவருக்குக் குளவி.) அவர் வானிலை நிலையத்தில் காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து எழுதுகிறவர். ஓய்வு பெற இன்னும் பத்து மாதம். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'துல்லியம்'.

வெப்பமானி இருக்கும் மரப்பெட்டிக்குள் ஒரு குளவி மண்கூடு கட்டியது. இன்னொன்று வந்து அதை உடைத்து, உள்ளிருந்த சிலந்தியை முட்டையோடு இழுத்துப் போட்டுவிட்டு, தன் சிலந்தியை வைத்துத் தன் முட்டையை இட்டது. முதல் குளவி திரும்பி வந்து, எதுவும் தெரியாமல், கூட்டின் வாயை மண் பூசி மூடியது. பத்தொன்பது நாள் பார்த்து எழுதியிருந்தார். படித்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, இதை யார்கிட்டயுமே சொல்லலையா?"

"உங்க அண்ணிகிட்ட சொன்னேன். 'என்னை ஒரு நாளாவது இப்படி உக்காந்து பாத்திருக்கீங்களா'ன்னு கேட்டா. அதோட வாயை மூடிக்கிட்டேன்."

3

அவளை முதலில் தங்கமான மனுஷியாக எழுதினேன். பிறகு சந்தேகம் வந்தது. அச்சில் தன் பெயரையும் பார்க்க ஆசை இருக்காதா? இருந்தது. வெறுமனே 'பார்த்தோம்' என்றால் மதிக்கமாட்டார்கள் என்று, நிலையம் மாதாமாதம் வெளியிடும் பதிவிலிருந்து அந்தப் பத்தொன்பது நாள் வெப்பநிலையை எடுத்து அட்டவணை போட்டு அனுப்பிவிட்டாள். அவரிடம் கேட்கவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

இதழாசிரியரின் பதில் வந்தது: 'கட்டுரையை ஏற்கிறோம். வெப்பநிலை அட்டவணை மிக அருமை. எப்படி அளந்தீர்கள் என்று இத்துடன் உள்ள படிவத்தில் இரண்டு வரி எழுதி, இருவரும் ஒப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.'

4

கடிதத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடினாள்.

"அட்டவணையா? எந்த அட்டவணை?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "கூடு கதவையும் சட்டத்தையும் சேத்து ஒட்டியிருந்துச்சு தங்கச்சி. திறந்தா உடைஞ்சிரும். நான் திறக்கல."

"பத்தொன்பது நாளுமா?"

"பலகை இடுக்கு வழியா குளவி தெரியும். வெப்பமானி தெரியாது."

"அப்ப அந்த எண்ணெல்லாம்?"

"குத்துமதிப்பு."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அட்டவணையை எடுத்துட்டா?"

"எடுத்தாலும், தினம் ரெண்டு தடவை திறக்கிற பெட்டியில கூடு எப்படி நின்னுச்சுன்னு கேப்பாங்க. கேக்கணும். நானா இருந்தாலும் கேப்பேன்."

சொன்னால் வேலை போகலாம், ஓய்வூதியமும் கூட. சொல்லாவிட்டால் கட்டுரை பொய். (எனக்கே உறுத்துவது வேறொன்று: வெப்பநிலையை ஊகித்து எழுதியவர், குளவியையும் ஊகித்து எழுதவில்லை என்று யார் நம்புவார்கள்? அவள் நம்புகிறாளா? மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன்.)

5

முடிவு அ: அவள் உண்மையை எழுதுகிறாள். கட்டுரை வெளிவருகிறது. நிலையத்தில் விசாரணை, அண்ணி வாசலில்—

அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

முடிவு ஆ: அடுத்த வருடம் அதே இடத்தில் இன்னொரு குளவி—

அவ்வளவு வசதியாக எந்தக் குளவியும் வராது.

முடிவு இ: கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இருவரும்—

சோம்பேறித்தனம். என்னுடையது.

வியாழக்கிழமை அவரே ஆய்வகத்துக்கு வந்தார். அவள் நிலையத்தில் விட்டுவந்த படிவத்தை மேசைமேல் வைத்தார். அளந்த முறைக்கான இரண்டு வரியும் காலி. கீழே மட்டும் அவருடைய கையெழுத்து, பதிவேட்டில் இருப்பதுபோல் அழகாக.

"மேல ஒண்ணும் எழுதாம ஏன் கையெழுத்து போட்டீங்க?"

"நீ எழுதும்மா. எதை எழுதினாலும் அது என் வார்த்தைதான்."

"அண்ணா, உங்க வேலை..."

"குளவி பொய்யில்ல தங்கச்சி."

அவர் மாலை அளவு எடுக்கப் போய்விட்டார். அவள் பேனா மூடியைக் கழற்றினாள். நான் இங்கேதான் நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். என்னால் முடியவில்லை. படிவத்தை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன். நாளை வெள்ளிக்கிழமை. இரண்டு வரிதான். அவர் கையெழுத்துப் போட்டாயிற்று.