பெரிய சைஸ் பத்தாம் நம்பர்

சலவைக்கூடத்தில் அவருக்குப் பத்து என்று பெயர். சம்பளச் சீட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவர் பெயர் 'யோவ் பிரஸ்ஸு'. ஆஸ்பத்திரிக் கோட்டுகளைச் சூட்டுத் தகட்டில் வைத்து அமுக்குகிறவர் என்பதால் மெஷினுக்கும் ஆளுக்கும் சேர்த்து ஒரே பெயர். "பிரஸ்ஸு ஏன்யா நின்னுபோச்சு?" என்று மேஸ்திரி கத்தினால், பழுதானது மெஷினா, ஒண்ணுக்குப் போனது இவரா என்று எவருக்கும் புரியாது. அந்த வருடம்தான் ஆம்புலன்ஸ் டிரைவர்களோடு கால்பந்துப் போட்டி தொடங்கியது. வந்த சட்டைகளில் ஒன்றே ஒன்று பெரிய சைஸ். அதன் முதுகில் பத்து என்று போட்டிருந்தது. இவருடைய தொப்பை அதற்குள் மட்டும்தான் நுழைந்தது. அவ்வளவுதான் வரலாறு.

கேட்பவர்களிடம் அவர் சொல்லும் வரலாறு வேறு. "பெலே போட்டது பத்து. மரடோனா பத்து. மெஸ்ஸி பத்து. கால்பந்தை விடு, கிரிக்கெட்டுக்கு வா. சச்சின் முதுகுல என்ன? பத்து!" வரிசையில் ஐந்தாவது ஆள் யார் என்பதைக் கேட்பவரின் பெருந்தன்மைக்கு விட்டுவிடுவார். இதுவரை எத்தனை கோல் அடித்தீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், அவசரமாக அமுக்க வேண்டிய கோட்டு ஒன்று எங்கிருந்தோ வந்துவிடும்.

இந்த வருடம் புதுச் சட்டைகள் வந்தன. நம்பர்கள் தனித்தாளில் இருந்தன. சூடு வைத்து அமுக்கி நாமேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும். கேப்டனான பாய்லர்காரர் சாப்பாட்டு மேஜையில் பட்டியலைப் படித்தார்.

"பத்து உன் மச்சினனுக்கு. உனக்குப் பதினாலு."

மச்சினன் உலர்த்தும் மெஷினில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. ஆளைப் பிடித்துச் சேர்த்துவிட்டவரே இவர்தான். களத்தில் அவன் ஓடினால் கண்ணுக்குச் சிக்க மாட்டான்.

"அண்ணே, பத்துன்னா சும்மாவா? பெலே..."

"பெலே கோல் அடிச்சாருய்யா. நீ மைதானத்து ஓரமா நின்னு பேசிக்கிட்டிருப்ப."

மேஜையே சிரித்தது. துணி மடிக்கிற பகுதியிலிருந்து சாப்பிட வந்திருந்த அவர் மனைவியும் சிரித்தாள். அவள் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "மாமாவுக்கே குடுத்துருங்கண்ணே. எனக்கு எதுனாலும் சரிதான்" என்றான். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நினைத்தது திங்கட்கிழமையை. மச்சினன் பத்தைப் போட்டுக்கொண்டு இரண்டு கோல் அடித்துவிட்டால், திங்கள் காலை 'பத்து' என்று கூப்பிட்டவுடன் திரும்புகிறவன் அவன்தான். இவர் பழையபடி பிரஸ்ஸு.

டீ நேரத்தில் கூடம் காலியானது. புதுச் சட்டைகள் இருந்த அலமாரியைத் திறந்தார். ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான், அப்புறம் எவன் உரிப்பான்? பெரிய சைஸ் சட்டையைத் தகட்டில் விரித்தார். ஒன்றையும் சைபரையும் முதுகில் வைத்தார். எவ்வளவு சூடு வைக்க வேண்டும் என்று தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அமுக்குகிற தொழிலை அவருக்கே சொல்லித் தருகிறார்களாம்! படிக்கவில்லை. பருத்திக் கோட்டுக்கு வைக்கிற சூட்டிலேயே அமுக்கினார்.

டயர் எரிகிற நாற்றம் வந்தது. தகட்டைத் தூக்கினார். ஒன்று சுருண்டு, கருத்து, தகட்டோடு போய்விட்டது. சட்டை பருத்தி, தாங்கியது. சைபர் மட்டும் அப்பழுக்கில்லாமல் பளபளத்தது. அந்தத் தகட்டின் வலது ஓரம் இரண்டு வருடமாகச் சரியாகச் சூடேறுவதில்லை. அதைச் சரிபண்ணச் சொல்லி மேஸ்திரியிடம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியவர் இவரேதான். சரிபண்ணியிருந்தால் இரண்டும் எரிந்து, தடயமே இல்லாமல் போயிருக்கும்.

நாற்றத்துக்கு எல்லோரும் ஓடிவந்தார்கள். பாய்லர்காரர் சட்டையை உயர்த்திப் பிடித்தார். "என்னய்யா இது?"

மெஷின் மேல் பழி போட வாயெடுத்தார். எதிரே டீ கிளாஸும் கையுமாக மச்சினன் நின்றான். வாய்க்கு வந்த பொய் அப்படியே நின்றுவிட்டது.

"நான்தான்ணே. மாப்ளைக்குப் போயிடக் கூடாதுன்னு ஒட்டினேன்."

 பாய்லர்காரர் சட்டையை அவர் தோளில் போட்டார். "பதினெட்டு வருஷமா அடிச்ச கோலை நீயே முதுகுல எழுதிக்கிட்ட. இதையே போட்டுக்க."

பதினாலு மச்சினனுக்குப் போனது. "பரவால்ல மாமா, அந்தக் காலத்துல கால்பந்துல கலக்கின க்ரைஃப் போட்டதும் பதினாலுதானே?" என்றான். இவனுக்கும் பட்டியல் தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர்கள் தரப்பில் ஒரே கூச்சல். "பதினாலைப் பிடி! சைபரை விடுப்பா, அவரு எங்கயும் போகமாட்டாரு!"

விட்டார்கள். அதனால்தான் கடைசி நேரத்தில் பந்து அவர் காலடிக்கு வந்தபோது பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிரே கோல். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தார். பந்து கோலைத் தவிர எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டு, குறுக்கே உருண்டு மச்சினன் காலுக்குப் போனது. அவன் தட்டினான். கோல். ஜெயித்தாயிற்று.

"என்னா பாஸ் மாமா!" என்று அவன் வந்து கட்டிக்கொண்டான். அவர் அடக்கமாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை வாசலிலிருந்து குரல் வந்தது. "யோவ் சைபரு! கோட்டு வந்திருக்கு!"

யோசிப்பதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். திரும்பிய பிறகுதான் புரிந்தது: பிரஸ்ஸு இல்லை. அது போதும்.

முந்தின நாள் சாயங்காலமே மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டு, சைபர் போட்டு ஆடிய பெரிய ஆட்கள் யாராவது உண்டா என்று கேட்டு வைத்திருந்தார். மூட்டை இறக்க வந்த லாரிக்காரர்தான் முதலில் மாட்டினார்.

"பாஸ்கெட்பால்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? அதுல வெஸ்ட்புரூக்னு ஒருத்தர். லில்லார்டுன்னு ஒருத்தர். ரெண்டு பேர் முதுகுலயும் என்ன?"

"என்ன?"

"சைபர்!"

மடிக்கிற மேஜையிலிருந்து மனைவி தலை நிமிராமலே கேட்டாள். "என்னங்க, நேத்து நீங்க அடிச்சது நெஜமாவே பாஸா? இல்ல, கோலுக்கு அடிச்சதா?"

அவசரமாக அமுக்க வேண்டிய கோட்டு ஒன்று எங்கிருந்தோ வந்துவிட்டது.