எனிட் கட்டிய பந்தயம்

லாம்பர்ட் ஓக்‌ஷாட் தன் வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். ஜன்னலோர மேஜையில் அவர் மனைவி எனிட் பாதியில் விட்டுப்போன, துண்டு துண்டாகச் சேர்க்கிற ஜிக்சா படம் கிடக்கிறது, அதை யாரும் கலைக்கக் கூடாது. எனிட் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மேஜைமேல் துணி படக்கூட விடமாட்டார். தூசியை வாயால் ஊதிவிடுவார்.

எனிட்டுக்கு ஒரு குணம். புதுப்படம் வாங்கியதும் பெட்டி மூடியை ஒளித்துவிடுவாள். என்ன படமென்று முடிக்கும்வரை தெரியக் கூடாது, அவரும் கிட்டே வரக் கூடாது. பந்தயம் மட்டும் கட்டுவாள், தோற்றவர் காலையில் டீ போட வேண்டும். இந்தப் படம் தேவாலயம்தான் என்று அவர் சொன்னார்; துறைமுகம் என்று அவள் சாதித்தாள். மேலே வானத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

வந்தவர்கள் விக்டோரியா காலத்து நாவல் ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறவர்கள். கணவனை இழந்த கதாநாயகி நின்று அழுவதற்கு அந்த ஜன்னல்தான் வேண்டுமாம். அரங்கைக் கவனித்துக்கொண்ட இமோஜன் என்ற பெண் அறையிலிருந்த குண்டூசி முதற்கொண்டு ஃபோட்டோ எடுத்தாள், இம்மி பிசகாமல் திருப்பி வைப்பதாகச் சொன்னாள். படத்தைப் பலகையோடு தூக்கிப் பின்னறையில் கொண்டுபோய் வைத்தார்கள். நடிகர்கள் காத்திருக்கிற அறையும் அதுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

லாம்பர்ட்டுக்கு வேடிக்கை பார்க்கக் கொள்ளை ஆசை. மின்விளக்கு சுவிட்சை எப்படி மறைக்கிறார்கள், ராணி காலத்துப் பாவாடைக்குள் கைப்பேசியை எங்கே வைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தார். மேகம் மூடிப் படப்பிடிப்பு நின்ற ஒரு மதியம் பின்னறையையும் எட்டிப் பார்த்தார். கதாநாயகி டாம்சின், இடுப்பை இறுக்கிய கறுப்பு உடையில் சாயவும் முடியாமல், முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு துண்டு. வானத்துக்குக் கீழே பாதிப் பலகை புதிதாக நிரம்பியிருந்தது.

அவர் கோபத்தோடு உள்ளே நுழைந்தார். எனிட் கடைசியாகக் கை வைத்தது அது.

“தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்க சார். ஒரே ஒரு துண்டு வைக்கலாம்னுதான் உட்கார்ந்தேன். அப்புறம் நிறுத்த முடியல.”

அந்த நாட்டுக்காரர்கள் அப்படித்தான். பாதிப் படத்தைக் கண்டால் ஒரு துண்டாவது வைக்காமல் தாண்ட மாட்டார்கள். லாம்பர்ட்டும் அந்த நாட்டுக்காரர்தான். இரண்டு வருஷமாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இமோஜன் ஓடிவந்தாள். “ஃபோட்டோ இருக்கு சார். இவ வச்சதை மட்டும் எடுத்துட்டு, பழையபடி ஆக்கிடறேன். ஒரு துண்டுகூட மாறாது.”

அவர் தலையாட்டத்தான் போனார். அதற்குள் கண் பலகைக்குப் போய்விட்டது. வானத்துக்குள் ஊசி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தேவாலயக் கூம்பா, கப்பல் பாய்மரமா? குனிந்து பார்த்தார். தெரியவில்லை. கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

“ஏம்மா, கையில இருக்கே, அது எங்க போகுது?”

“கயிறு மாதிரி இருக்கு சார். இந்தப் பக்கம்னு நினைக்கிறேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் டாம்சின் போய் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மாலைக்குள் படம் முடிந்தது. படகுகள், வலைகள், கடற்காகங்கள். மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு தேவாலயமும் இருந்தது. அதை வைத்து வாதாடிப் பார்த்திருக்கலாம், எனிட் துளியும் மசிந்திருக்க மாட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

எழுந்து சமையலறைக்குப் போய் மூன்று கோப்பைகளோடு வந்தார். வெளியே படக்குழுவின் சாப்பாட்டு வண்டியிலேயே டீ கிடைக்குமே, நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள் என்று இமோஜன் கேட்டாள்.

“தோத்தவன்தான் போடணும்,” என்றார் லாம்பர்ட். “ரெண்டு வருஷமா தினம் நான்தான் போடறேன். ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”