ஓடும் மனிதன் காட்டிய கதவு

1

இந்தக் கதை ஒரு பேனா மூடியிலிருந்து கிளம்பியது. வார இதழ் ஒன்றில், தினமும் கையாளும் பொருள்களைப் பற்றிச் சின்னச் சின்னத் தகவல்கள் எழுதுகிறேன். பேனா மூடியின் நுனியில் ஓட்டை எதற்கு? யாராவது விழுங்கித் தொண்டையில் சிக்கினாலும் கொஞ்சம் மூச்சு போய்வர. அடுத்த வாரம், பச்சைப் பலகையில் ஓடும் மனிதன். ஜப்பானில் உருவாகி உலகெங்கும் போன அவசர வழிப் படம். ‘இதை நம்பி யாரும் ஓடலாம்’ என்று முடித்திருந்தேன்.

இதழ் கடைக்கு வந்த அன்றே விருத்தாசலத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கயல்விழி. பீங்கான் பொம்மைப் பட்டறையில் டிசைன் போடுகிறவள்.

“நம்பி ஓடலாம்னு எழுதியிருக்கீங்க. எங்க பட்டறையில ஒருத்தங்க ஓடுனாங்க. வந்து கேட்டுட்டுப் போங்க சார்.”

2

போய்க் கேட்டேன். முதலில் இப்படி எழுதத் தொடங்கினேன்: ‘சூளையின் செந்நாக்குகள் வானை —’ வேண்டாம்.

பிறகு: ‘பேராசை பிடித்த முதலாளி மிக்கேல் —’ அதையும் அடித்தேன். மிக்கேல் வேலையாட்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர். கயல்விழிக்கு அவர் அண்ணே. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.

பெரிய ஆர்டர் ஒன்று கொடுப்பதற்கு முன் பட்டறையைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. பின்கதவுக்கு மேலே அவசர வழிப் படம் வேண்டும் என்றார் மிக்கேல். இருட்டிலும் ஒளிரும் தாளில் கயல்விழி அச்சடித்தாள்.

“அண்ணே, கதவுல வெளியில பூட்டு தொங்குது. மேல படத்த ஒட்டச் சொல்றீங்களே?”

“சரக்கு பின்பக்கமா காணாமப் போவுதும்மா. ஆர்டர் கெடைக்கட்டும், பூட்ட எடுத்துடுறேன்.”

ஒட்டினாள். (மறுத்திருக்கலாமே என்று நானும் கேட்டேன். “அந்த ஆர்டர் வந்தாதான் சார் எங்களுக்கு வேலையே இருக்குது” என்றாள்.)

3

வந்தவர்கள் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஆர்டரும் வந்தது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு மதியம், பொம்மைகளைப் பொதிய வைத்திருந்த வைக்கோலில் தீப்பிடித்தது. கரண்ட் போய், பட்டறை முழுக்கப் புகை. எல்லோரும் முன்வாசலுக்கு ஓடினார்கள். பின்கதவு பூட்டியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆண்டாளைத் தவிர. கம்மாபுரத்திலிருந்து பொம்மைக்கு வண்ணம் தீட்ட அந்த வாரம்தான் அவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

“ஆண்டாளக்கா எங்க?” வெளியே வந்ததும் கயல்விழி கேட்டாள். வெளியே நின்றவர்களில் அவர் இல்லை.

அந்தப் புகைக்குள் கண்ணுக்குத் தெரியக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அவள் ஒட்டிய படம்.

(‘அவள் இதயம் ஒரு கணம் —’ இல்லை. அவள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள், அவ்வளவுதான்.)

பின்கதவு உள்ளிருந்து இடிபட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கிட்டே போவதற்குள் அதிர்வது நின்றுவிட்டது. கீழே கிடந்த இரும்புக் கம்பியைப் பூட்டில் கொடுத்து நெம்பினாள். கை வழுக்கியது.

“அக்கா! தரையோட படுத்துக்கங்க! தொறந்துடுறேன்!”

மிக்கேல் ஓடி வந்து அவளோடு சேர்ந்து கம்பியைப் பிடித்தார். சாவி தன் சட்டைப்பையில்தான் இருக்கிறது என்பது அவருக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. தாழ்ப்பாளோடு பூட்டு பெயர்ந்து வந்தது. கதவை இழுத்ததும் ஆண்டாள் அவர்கள் காலடியில் சரிந்தார்.

நீண்ட நேரம் கழித்து இருமினார்.

4

ஆண்டாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு விசாரணை. அதற்கு முன் மிக்கேல் கயல்விழியிடம் வந்தார்.

“பூட்டு இல்லன்னு சொல்லும்மா. பட்டறைய மூடிட்டா இத்தினி பேரும் எங்க போவாங்க?” கேட்கும்போதே அழுதுவிட்டார்.

ஒரு முடிவு: கயல்விழி உண்மையைச் சொல்கிறாள். பட்டறைக்குச் சீல் வைக்கிறார்கள்.

இன்னொன்று: பொய் சொல்கிறாள். வேலை தொடர்கிறது. பூட்டும்.

மூன்றாவதாக, எல்லோருக்கும் நல்லபடியாக ஒன்று எழுதிப் பார்த்தேன்: ‘மிக்கேல் தானாகவே எழுந்து —’ அவர் எழுந்திருக்கவில்லை.

5

விசாரணை பட்டறையிலேயே நடந்தது. நான் வாசலில் நின்றேன். தீயணைப்பு அதிகாரி முதலில் ஆண்டாளைக் கேட்டார்.

“பின்கதவு தொறந்திருந்துச்சாம்மா?”

கரி படிந்த சுவரில் படம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண்டாள் அதைக் காட்டினார்.

“அதுல தொறந்திருக்குது சார். அதப் பாத்துட்டுதான் ஓடுனேன்.”

அதிகாரி படத்தை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், ஓடும் மனிதனுக்கு முன்னால் கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கிறது. இத்தனை எழுதிய நான் அதைக் கவனித்ததில்லை.

அவர் கயல்விழி பக்கம் திரும்பினார். “இத ஒட்டுனது நீங்களாம்மா? ஒட்டுறப்ப கதவு எப்படி இருந்துச்சு?”

அவள் சொன்னதை நான் கேட்டேன். எழுதப்போவதில்லை. எழுதினால், அவளுக்கு ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். மிக்கேல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆண்டாளின் இருமல் இன்னும் நிற்கவில்லை. அதிகாரி காத்திருக்கிறார். அவள் இடத்தில் நின்று நீங்கள் சொல்லுங்கள்:

“சார், அந்தக் கதவு —”