கிண்ணத்தை விட்ட கணக்கு

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் மூக்குக்கண்ணாடி இரண்டாக உடையட்டும்; இருப்பது ஒன்றுதான், அதனால் யோசித்தே சொல்கிறேன். எங்கள் பள்ளி இயற்பியல் வாத்தியாரின் உடம்பு ஒரு செவ்வாய்க்கிழமை தொண்ணூற்றாறு டிகிரி செல்சியஸுக்கு ஏறி, ஏழு வாரம் இறங்கவில்லை.

காரணம் ஒரு தேர்வுக் கணக்கு. நூறு டிகிரிக்குச் சூடாக்கிய அரைக் கிலோ செம்புக் கட்டியை, நூறு கிராம் செம்புக் கிண்ணத்தில் இருக்கும் இருநூறு மில்லி தண்ணீரில் போடுகிறோம். தண்ணீர் இருபது டிகிரி. கடைசியில் எத்தனை டிகிரி? வாத்தியார் கரும்பலகையில் போட்ட விடை 35.4. தேர்வு வாரியம் அச்சிட்ட விடை 34.8. திங்களன்று "அச்சுப் பிழை" என்றார். காது மடல் சிவந்தது. செவ்வாயன்று "வாரியமே பிழை" என்றார், கைக்குட்டை கருகியது.

ஊர் பழகிக்கொள்ள இரண்டு நாள் போதுமாயிருந்தது. அவர் சட்டைக்கு இஸ்திரி தேவைப்படவில்லை, மாட்டினாலே கசங்கல் போயிற்று. ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாக்களை அவர் நாற்காலியைச் சுற்றி அடுக்கினார்கள். "சார், கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பி உக்காருங்க, என்னோடது இன்னும் ஆறிப்போயே கெடக்கு" என்று கணக்கு வாத்தியார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மூன்று தெர்மாமீட்டர்களை இழந்த டாக்டர் நாலாவதை எடுத்துக்கொண்டு வரவே இல்லை.

அதிலெல்லாம் அவருக்கு வருத்தமில்லை. வீட்டில் பிறந்து பதினோரு நாளே ஆன மகள் இருந்தாள். அவளைத்தான் தூக்க முடியவில்லை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார், தொட்டில் துணி மஞ்சளிக்கும் முன் பின்வாங்குவார்.

ஏழாம் வாரம் தன்னையே கணக்காகப் போட்டார். உலோகம்: தான், அறுபத்திரண்டு கிலோ. தண்ணீர்: மொட்டைமாடித் தொட்டியில் எழுநூறு லிட்டர். விடை 32.7 என்று அடிக்கோடிட்டுவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். மதியத்துக்குள் தொட்டியில் ஆவி பறந்தது. அவர் ஒரு டிகிரியும் இறங்கவில்லை. அக்கம்பக்கத்தார் வெந்நீருக்கு வாளியோடு வரிசையில் நின்றதுதான் மிச்சம்.

கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்தும் அவர் மனைவி, அந்தத் தேர்வுக் கணக்குத் தாளோடு படியேறி வந்தாள்.

"ஏங்க, செம்பு சூட்டைக் குடுக்குது, தண்ணி வாங்கிக்குது. சரி. தண்ணியத் தாங்கிட்டிருக்கிற கிண்ணம்? அது என்ன, வேடிக்கை பாக்க வந்துச்சா?"

"அது சின்னதும்மா. விட்டுடலாம்."

"யாரைக் கேட்டு விட்டீங்க? நான் பாத்திரம் விக்கிறவ. அடுப்புல இருந்து எறக்கும்போது மொதல்ல கையச் சுடறது தண்ணியில்ல, பாத்திரம். உங்க சூட்டை இத்தனை வருஷமா வாங்கிட்டிருக்கிறவளையும் இப்படித்தான் கணக்குல விட்டீங்க."

வாத்தியார் ஈரக்கையோடு தாளை வாங்கி, கிண்ணத்தையும் சேர்த்துப் போட்டார். 34.8 வந்தது. இன்னொரு முறை போட்டார். அப்போதும் அதுதான்.

"விட்டுட்டேன்" என்றார், சன்னமாக.

"காதுல விழல."

"கிண்ணத்தை விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்."

பழுத்த இரும்பை முக்கினாற்போல 'சொய்ங்' என்ற ஓசை தெருமுனை வரை கேட்டது. ஆவி விலகியபோது அவர் சாதாரண மனிதராகத் தொட்டியில் நின்றார். தலை துவட்டிக்கொண்டு கீழே போய் மகளைத் தூக்கினார். அவள் உடனே அவர் சட்டையை நனைத்தாள். காய இரண்டு மணி நேரம் ஆனது, எல்லோர் சட்டையையும் போல. பள்ளியில் மறுபடி ஆறிய சோறு தின்னத் தொடங்கினார்கள், அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்த இயற்பியல் வாத்தியாருக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை; என் மூக்குக்கண்ணாடியும் இப்போது இரண்டாகத்தான் கிடக்கிறது.