யூபிலிப் பையில் குரோமியம்

எங்கள் பங்குக் கோயில் யூபிலிக்கு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் துணிப்பை கொடுத்த புண்ணியவானைத் திட்டிக்கொண்டேதான் அன்றைக்குக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். என் கையிலிருந்த பைக்குள் மசாலா தடவிய பச்சைக் கறி. கே.ஜி.எஃப். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தோழி லவினா, கே.ஆர்.புரத்தில் இறங்கும்போது என் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பஞ்சின்மேல், கடுகைவிடச் சின்னதாய் ஒரு படிகம். குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. மூன்று வருடமாக நான் வளர்த்ததில் விரிசல் விடாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். வேறொரு ஆய்வகத்தில் சோதித்துவிட்டு முந்தின நாள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சும்மா குளிரவைத்தால், ஃப்ரீசர் குளிரே போதும், உள்ளே காந்த ஒழுங்கு தலைதூக்கும், படிகம் உப்பிச் சிதறிவிடும். முதலில் நன்றாக அழுத்திவிட்டு அப்புறம் குளிரவைத்தால் காந்தம் அடங்கும், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அதை அளந்து பார்க்க எனக்குக் கருவி கிடைத்தது அன்று ஒரு நாள்தான். மாதக் கடைசியில் உதவித்தொகையும் நின்றுவிடும்.

லவினாவோ கறியை நேரே ஆபீஸ் ஃப்ரீசரில் வைப்பவள். உடனே போன் போட்டேன்.

"ஏய், பை எங்கடி?"

"ஃப்ரீசர்ல வைக்கலாம்னு தொறந்தேன்..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தொறந்தா கறியக் காணோம், திருப்பண்டம் கீது! எந்தப் புனிதரோட எலும்புடி, ஜெனிட்டா? இத்தனூண்டு கீது. மேஜமேல மாதா படத்தாண்ட வச்சிக்கீறேன். ஆபீஸே வந்து கும்புட்டுனு போவுது."

"ஐயோ, முத்தம் கித்தம் குடுத்தியா? அதுல ஆர்சனிக் கீதுடி!"

"கண்ணாடிக்குத்தான் குடுத்தேன். இன்னா இப்போ?"

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மாதாவே, உனக்குக் கோடி நன்றி.

அரை நாள் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து, குழாயைக் கைக்குட்டையில் சுற்றி அவளே கொண்டுவந்தாள். கறி வீணாகிவிடும் என்று ஆய்வக வாசலில் நின்று என்னைத் திட்டவும் செய்தாள். திட்டட்டும்.

சாயந்திரம் படிகத்தை அழுத்திக் குளிரவைக்க, திரையில் தடையின் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. சட்டென்று அடியில் விழுந்து அங்கேயே கிடந்தது. தடை பூஜ்யம். அழுத்தத்தை எடுத்ததும் படிகம் பொடியாகிப்போனது. போகட்டும், அது தன் வேலையை முடித்துவிட்டது.

மறுநாள் ரயிலில், கழுவிய குழாயை லவினாவிடம் கொடுத்தேன்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே. எந்தப் புனிதரோடதுடி இது?"

"புனித லவினாவோடது."

"போடி லூசு," என்றவள், குழாயைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.