புள்ளி பூஜ்யம் எட்டு

நம்பிக்கை விலைமதிப்பில்லாதது என்பார்கள். நகர வேதியியலாளர் சங்கத்தில் அதற்கு விலை உண்டு: ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு பிஸ்கட். மாதக் கூட்டத்துக்கு வந்து அதைச் சாப்பிட்டு எழுந்தவர், பக்கத்து நாற்காலிக்காரரின் கைச்சுத்தத்தை அடுத்த மாதம் வரை சந்தேகப்பட மாட்டார். இதைவிட மலிவாக எந்தக் கடையில் கிடைக்கும்?

அன்றைக்கு மட்டும் பிஸ்கட் தட்டிலேயே கிடந்தது.

சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு போட்டி. செயலாளர் ஒரு பொடியைக் கலந்து, ஆளுக்கொரு சீசாவில் கொடுப்பார். அதில் சரக்கு எத்தனை சதவீதம் என்று அவரவர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். யார் எண் செயலாளரின் எண்ணுக்கு மிக அருகில் வருகிறதோ, அவருக்கு நடுவர் நாற்காலி. ஊரில் வாங்குகிறவனும் விற்கிறவனும் சரக்கின் தரத்தில் முட்டிக்கொண்டால், அந்த ஒரு வருஷம் நடுவர் சொல்வதுதான் முடிவு. அப்படிப்பட்ட நாற்காலிக்கு ஆசைப்படாத வேதியியலாளர் இன்னும் பிறக்கவில்லை.

இந்த வருஷச் செயலாளர் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வீட்டு அடுப்பில் காயவைத்த சலவைச் சோடாவில் கொஞ்சம் உப்பைக் கலந்திருந்தாள். பன்னிரண்டு பேர் எழுதித் தந்ததை வாசித்தாள். பதினோரு பேருக்குச் சோடா தொண்ணூற்றொன்றைச் சுற்றியே வந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் 94.20. அவர் பெயிண்ட் ஆலையின் வேதியியலாளர்; அவளுடைய கணவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தன் எண்ணைச் சொன்னாள். 94.20.

கோப்பைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சோப்பு ஆலையிலிருந்து வருபவர், நுரை என்று பட்டப்பெயர், மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்க பதினோரு பேரும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகணும் போல. இல்லன்னா எங்க வீட்டுக்காரிகளையும் செயலாளர் ஆக்கணும், அக்கா."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. தலைவர், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், நாசூக்கான மனிதர். அடுத்த கூட்டத்துக்குள் இதற்கு விளக்கம் வேண்டும், இல்லையென்றால் செயலாளர் பொறுப்பை அவளே விட்டுவிடுவது கௌரவம் என்று, சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

பொறுப்பு போனால் போகட்டும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளை அரித்தது வேறு. அந்த எண்ணை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. சங்க வழக்கப்படி, சீசாவில் நிரப்பும் முன் தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னாள், அவ்வளவுதான். சொன்ன இடம் சமையலறை. அன்றைக்கு மழை. பக்கத்து அறையில் கணவர் நனைந்த துணிகளைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் வீட்டு வாசலில், கூட்டத்துக்கு வராத கணவரிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"என்னத்தை?"

"நான் ஃபோன்ல சொன்ன நம்பரை."

"உங்க தலைவரோட முழங்கால் வலியைத்தான் முக்கால் மணி நேரம் கேட்டே. அதுல நம்பர் எங்க வந்தது?"

பதில் சரளமாக வந்தது. சரளமாக வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. பேரம் படியாத சரக்கை வியாபாரி ஒதுக்கி வைப்பதுபோல அந்தப் பதிலை ஒரு ஓரமாக வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே சாட்சி சொல்ல ஆரம்பித்தது. குளியலறையில் பாடாத மனிதர் பாடினார்: குற்றவாளியின் நிம்மதி. மறுநாள் பாடவில்லை: குற்றவாளியின் கவலை. கேட்காமலே பாத்திரம் கழுவினார்: இது லஞ்சம். கழுவிய டம்ளரை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கவிழ்த்தாள்.

மூன்றாம் நாள், பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் மாதிரிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கையில், கை அப்படியே நின்றது. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் பொடி எங்கே இருந்தது? ஜன்னலோரத்தில், தட்டில் பரப்பியபடி, திறந்து. வெளியே மழை. அடுப்பிலிருந்து இறக்கிய காய்ந்த சோடா ஈரத்தைக் கண்டால் விடுமா?

சங்கத்தில் எப்போதும் ஒரு சீசா அதிகமாக நிரப்பி, முத்திரை வைத்துத் தலைவரின் அலமாரியில் பூட்டுவது வழக்கம். அந்த முத்திரையைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உடைத்தாள். தலைவர் ஒரு பக்கம், நுரை ஒரு பக்கம். நுரையைக் கூப்பிட்டவளே அவள்தான். எதிராளி கண்முன்னால் நிறுக்காத எடைக்கு மதிப்பில்லை.

சீசாவில் இருந்தபடியே எடுத்துச் சோதித்தபோது சோடா 91.18. மீதியைச் சூடடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போன பிறகு சோதித்தபோது 94.12.

தலைவர் கைதட்டாத குறை. பதினோரு பேரும் ஈரத்தோடு எடை போட்டிருக்கிறார்கள், அவர்கள் சரி. பெயிண்டுக்காரர் உலர்த்திவிட்டுப் போட்டிருக்கிறார், அதனால் மேலே போய்விட்டார். வேறு மர்மம் ஒன்றும் இல்லை என்றார். சீசாவில் வந்தபடியே சோதிக்க வேண்டும் என்பது போட்டி விதி. ஆனால் பெயிண்ட் ஆலையில் எந்தப் பொடியும் முதலில் சூடடுப்புக்குள்தான் போகும், ஈரம் இருந்தால் வண்ணம் கொப்புளிக்கும். பழக்கத்தில் செய்திருப்பார்.

நுரை சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "மன்னிச்சிருங்க அக்கா. வாய் கொஞ்சம் நீளம்."

அவள் தலையாட்டினாள். ஆனால் கண் சொட்டு அளக்கும் பியூரெட்டை விட்டு நகரவில்லை. மறுபடி செய்தாள். 94.11. இன்னொரு தடவை. 94.12. உலர்த்தினால் இதுதான் வருகிறது; தராசுக்கும் சோதனைக்கும் 0.08 இடிப்பது சகஜம். பிறகு எப்படி அவருக்கு மட்டும் 94.20? அவள் தட்டில் நிறுத்த எண், கடைசி இலக்கம்வரை, அவர் காகிதத்தில் எப்படி வந்தது?

வீட்டில் அவர் ஒழுகும் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு நிஜமா வந்தது எவ்வளவு?"

ஸ்பேனர் நின்றது. அவர் வாஷரைத் தரையில் வைத்தார்.

"தொண்ணூத்தி நாலு புள்ளி ஒண்ணு ரெண்டு."

"அப்புறம்?"

"நீ ஒத்தைப்படையில நிறுத்துற ஆளா? டிவி சத்தம் பதினேழுல இருந்தா, அடுப்புல பால் பொங்கினாலும் வந்து பதினெட்டாக்கிட்டுத்தான் போவே. தொண்ணூத்தி நாலு புள்ளி ஒண்ணுல உன் கை நிக்காது. அதான் ரெண்டுன்னு எழுதிட்டேன். ஒட்டுக் கேக்கலை. சத்தியமா."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் தன்னை இவ்வளவு துல்லியமாக யாரும் அளந்ததில்லை. பிறகு சிரிப்பு வடிந்தது. ஒட்டுக் கேட்டிருந்தால் திருட்டு, மறந்துவிடலாம். இவர் பார்க்காத எண்ணைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஊரில் நாளைக்கு ஒருவன் சரக்கை இறக்குவான்.

"கூட்டத்துல சொல்லப் போறேன்."

"தலைவரே தீர்ப்பு சொல்லியாச்சே. ஏம்மா கிளறுறே?"

"அவர் ஈரத்துக்குத் தீர்ப்பு சொன்னார். இதுக்கு இல்ல."

அடுத்த கூட்டத்தில் இரண்டையும் சொன்னாள். தட்டைத் திறந்து வைத்தது தன் தவறு, ஆகையால் தன் எண் செல்லாது. சரியான எண் 91.18. பெயிண்டுக்காரரின் காகிதம் விதிப்படியும் செல்லாது, நேர்மைப்படியும் செல்லாது. அவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், மறுக்கவில்லை. எண்ணுக்கு மிக அருகில் இருந்தவர் நுரை. நாற்காலியில் போய் உட்காரும்போது அவர் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"இதை வீட்டுக்குள்ளயே முடிச்சிருக்கலாமே, அக்கா," என்றார் மெதுவாக.

"வீட்டுக்குள்ள இன்னும் முடியலை, தம்பி."

செயலாளராக அவளே நீடிக்கட்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். பிஸ்கட் தட்டு காலியானது. அவள் கரும்பலகையில் கணக்கை எழுதிக் காட்டினாள்: நூறு பங்கில் சோடா 91.18, உப்பு 5.70, மழை கொண்டுவந்த ஈரம் 3.12. கூட்டினால் நூறு, சங்கத்துக்குக் கணக்கு நேர். வீட்டுக்கு 0.08 பாக்கி.